ஆர்க்கிட் விதையைப் பாட்டிலில் முளைக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் டென்ட்ரோபியமோ வாண்டாவோ வளர்ப்பவர்கள், செடியில் முதல் காய் பிடித்தவுடன் கேட்கிற கேள்விகள்தான் பெரும்பாலும் இவை. பெரிய ஆய்வகத்தை மனதில் வைத்து எழுதவில்லை. ஒரு பிரஷர் குக்கர், சுத்தமான மேசை, ஒரு வருடத்துக்குக் குறையாத பொறுமை இருக்கிற வீட்டுக்காக எழுதியது.

ஆர்க்கிட் விதையைத் தொட்டியில் தூவினால் முளைக்காதா?

அநேகமாக முளைக்காது. அவரையோ நெல்லோ முளைக்கத் தேவையான சாப்பாட்டைத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. ஆர்க்கிட் விதையில் அந்தச் சேமிப்பே இல்லை. கருவூண் கிடையாது, வித்திலை கிடையாது. நூறு, இருநூறு செல்கள் கொண்ட ஒரு கருவும், அதைச் சுற்றிக் காற்றடைத்த மெல்லிய உறையும் மட்டும்தான். காயைப் பிளந்தால் முகப் பவுடர் போலக் கொட்டும். சில இனங்களில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேல் விதைகள் இருக்கும். அத்தனையையும் காற்றில் விட்டுவிட்டு, எங்கோ சில பிழைக்கட்டும் என்பதுதான் செடியின் கணக்கு.

காட்டில் அந்தச் சில எப்படிப் பிழைக்கின்றன? விதைக்குள் ஒரு பூஞ்சை நுழைகிறது. அதன் இழைகளைக் கரு செரித்து, அதிலிருந்து சர்க்கரையும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. இதை முதலில் கண்டது நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1899இல் ஒரு காட்டு ஆர்க்கிட்டின் இளநாற்றுகளில் பூஞ்சை இழைகளைப் பார்த்தார். அதற்கு முன்பு ஐரோப்பிய நர்சரிக்காரர்கள் விதையைத் தாய்ச்செடியின் வேரடியில் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஜான் டாமினி உண்டாக்கிய முதல் செயற்கைக் கலப்பின ஆர்க்கிட் 1856இல் பூத்தது அப்படித் தூவி வளர்த்துத்தான். அந்த வேரடியில் ஏற்கெனவே பூஞ்சை இருந்தது, அதனால் சில முளைத்தன. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

பூஞ்சைக்குப் பதிலாக நாம் என்ன கொடுக்கிறோம்?

சர்க்கரை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டியது இதைத்தான்: சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் (கடல்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லிபோல இறுகும் பொருள்) மீது விதையைப் போட்டால் பூஞ்சையே இல்லாமல் முளைக்கும். 1946இல் அவர் வெளியிட்ட கலவை 'நட்சன் சி' என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் கூடவே வருகிறது. சர்க்கரையும் ஈரமும் இருக்கிற இடத்துக்கு ஊரில் உள்ள பூஞ்சாணம், பாக்டீரியா எல்லாம் வரும். அவை ஒரு நாளில் பெருகிவிடும், விதை கண் திறக்கவே வாரக்கணக்கில் ஆகும். குக்கர், பிளீச், ஸ்பிரிட், மூடிய பெட்டி என்று இந்த வேலையில் இருக்கும் அத்தனை கெடுபிடியும் அந்த ஒரு கரண்டி சர்க்கரையால் வந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

எந்தச் செடியில் தொடங்கலாம்?

டென்ட்ரோபியம். நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும், காய் சீக்கிரம் முற்றும், விதை எளிதில் முளைக்கும், ஓரளவு விரைவில் பூக்கும். ஸ்பாத்தோகுளோட்டிஸும் நல்ல தேர்வு. வாண்டாவுக்குக் காய் முற்றவே அரை வருடத்துக்கு மேல் ஆகும். லேடீஸ் ஸ்லிப்பர் எனப்படும் பாஃபியோபெடிலம் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதன் விதை பிடிவாதக்காரன், அனுபவசாலிகளையே அலைய வைக்கும்.

பூவை நாமே கையால் சேர்க்க வேண்டுமா?

ஆமாம், பூச்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பூ விரிந்து நாலைந்து நாள் ஆனபின், நடுவில் இருக்கும் தூணின் நுனியில் ஒரு சிறு தொப்பி தெரியும். பல்குத்தும் குச்சியால் அதை லேசாகத் தூக்கினால் மஞ்சள் உருண்டைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் மகரந்தம், ஆர்க்கிட்டில் அது தூளாக இருக்காது. அதே தூணின் கீழ்ப்புறத்தில், தொப்பிக்குச் சற்றுப் பின்னால், பிசுபிசுப்பான ஒரு குழி இருக்கிறது. உருண்டையை அதில் அழுத்தி வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று நாளில் பூ தொங்கிப்போகும், காம்பு பருக்கத் தொடங்கும்.

அப்புறம் அவசரப்படக் கூடாது. ஆர்க்கிட்டில் மகரந்தம் சேர்ந்த பிறகுதான் சூல்களே உருவாகத் தொடங்கும். பாலனாப்சிஸில் உண்மையான கருவுறுதல் நடக்கச் சுமார் இரண்டு மாதம் பிடிக்கும். அதற்கு முன்பு காய் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே விதை இல்லை. பூக்கடைக்காக உருவாக்கிய கலப்பினங்களில் சில மலடு. அவற்றில் காய் வைத்து, பிறகு மஞ்சளாகி விழும். அது உங்கள் கைத்தவறு அல்ல.

காயை எப்போது பறிப்பது? பச்சையாகவா, வெடித்த பிறகா?

முதல் முறை செய்பவருக்கு என் பதில் எப்போதும் பச்சைக்காய்தான். மூடிய காயின் உட்பகுதி கிருமி இல்லாமல் சுத்தமாக இருக்கும். வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும், விதையை பிளீச்சில் முக்கி வதைக்க வேண்டியதில்லை. வெடித்த காயின் விதையில் காற்றில் வந்த பூஞ்சாண வித்துகள் ஏறியிருக்கும். அவற்றைக் கொல்லும் அளவு பிளீச் கொஞ்சம் கூடினால் கருவும் சேர்ந்து சாகும்.

காய் முற்ற ஆகும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபின் பறிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. டென்ட்ரோபியம் கலப்பினங்களில் சேர்த்த நாளிலிருந்து சுமார் மூன்று முதல் நான்கு மாதம், பாலனாப்சிஸில் நான்கு மாதம் அளவில், கேட்லியாவில் ஐந்து ஆறு மாதம். சீக்கிரம் பறித்துவிட்டால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக, பஞ்சுக் கற்றைபோல ஒட்டிக்கொண்டு இருக்கும், கத்தியால் சுரண்டினாலும் பிரியாது. சரியான பருவத்தில் விதை வெளிர் மஞ்சளாகி, தட்டினால் உதிரும். சேர்த்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் காம்பில் கட்டிவிடுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.

ஊடகத்தில், அதாவது விதை முளைக்கும் அகர்க் கலவையில், என்னென்ன சேர்க்க வேண்டும்?

ஒரு லிட்டர் நட்சன் சி கலவைக்கு: கால்சியம் நைட்ரேட் 1 கிராம், அம்மோனியம் சல்பேட் அரை கிராம், மெக்னீசியம் சல்பேட் கால் கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கால் கிராம், இரும்பு சல்பேட் 25 மில்லிகிராம், மாங்கனீசு சல்பேட் 7.5 மில்லிகிராம், சர்க்கரை 20 கிராம். இறுகுவதற்கு அகர். நட்சன் 15 கிராமுக்கும் மேல் போட்டார். இப்போது கிடைக்கும் சுத்தமான அகர் 7, 8 கிராம் போதும். மில்லிகிராம் அளக்கும் தராசு இல்லாதவர்கள் ரெடிமேட் பொடியாகவே வாங்கிவிடுவது நல்லது. சில பொடிகளில் சர்க்கரையும் அகரும் சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் இருக்காது. பாக்கெட்டைப் படித்துவிட்டு அளந்து போடுங்கள்.

கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரையே போதும். பலகாரத்துக்கு வாங்கும் கடல்பாசியும் இறுகும், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு விதமாக இறுகும். தண்ணீர் மட்டும் டிஸ்டில்டு அல்லது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். நம் போர் தண்ணீரின் உப்பு இந்தக் கணக்கையெல்லாம் கவிழ்த்துவிடும்.

பி.ஹெச்., அதாவது கலவையின் அமிலத்தன்மை அளவு, 5.2 முதல் 5.6 வரை இருந்தால் நல்லது. 5க்குக் கீழே போனால் அகர் குழகுழவென்று நிற்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைத் தாள் 6க்குக் கீழே பெரும்பாலும் அளக்காது. 4 முதல் 7 வரை காட்டும் தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

19:19:19 உரம், சர்க்கரை, அகர் என்று எளிதாகச் செய்யலாமே?

செய்கிறார்கள், முளைக்கவும் முளைக்கிறது. ஆனால் அந்த உரத்தில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா வடிவில் இருக்கிறது. முளைக்கும் கருவுக்கு அம்மோனியமும் நைட்ரேட்டும்தான் வசதி. செலவில் பெரிய வித்தியாசமும் இல்லை என்பதால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இளநீர், வாழைப்பழம் போடலாமா?

முதல் விதைப்பில் வேண்டாம், பிறகு நாற்றை வேறு பாட்டிலுக்கு இடமாற்றும்போது அந்த ஊடகத்தில் தாராளமாகப் போடலாம். லிட்டருக்கு இளநீர் 100 முதல் 150 மி.லி., அல்லது பழுத்த வாழைப்பழம் 50 முதல் 75 கிராம் மசித்து. இளநீரில் செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின்கள் இயற்கையாகவே இருக்கின்றன. வாழைப்பழம் சேர்த்தால் பல இனங்களில் வேர் திடமாக வருகிறது. இதனுடன் ஆக்டிவேட்டட் சார்க்கோல் 1 முதல் 2 கிராம் போட்டால், நாற்றுகள் கக்கும் பழுப்புக் கழிவை அது உறிஞ்சிக்கொள்ளும். ஊடகம் கறுப்பாகிவிடும், பயப்பட வேண்டாம். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது.

ஆய்வகத்தில் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இல்லை. பிரஷர் குக்கர் போதுமா?

போதும். தேவைப்படுவது 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். நம் வீட்டுக் குக்கரின் வெயிட் ஏறக்குறைய இந்த அழுத்தத்தில்தான் தூக்குகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்காமல் அரைத் திருகு விட்டுவிடுங்கள். முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றக் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் பாட்டிலுக்குள் ஊடகம் பொங்கி மூடி வரை ஏறிவிடும், அந்த ஈரத்தின் வழியாகப் பிறகு பூஞ்சாணம் இறங்கும். தானாக ஆறட்டும்.

ஆறிய பாட்டில்களை இறுக்கி மூடி ஒரு வாரம் சும்மா வையுங்கள். இந்த ஒரு வாரத்தைப் பலர் தவிர்க்கிறார்கள், நான் தவிர்க்க மாட்டேன். குக்கர் சரியாக வேலை செய்ததா என்பதை விதை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது இந்த வாரம்தான்.

வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசை இல்லாமல் விதைப்பது எப்படி?

துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்டால் விதைப்புப் பெட்டி தயார். இதில் காற்று சுத்தமாவதில்லை, அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். தூசி கீழே படிந்துவிட்டால் பாட்டிலுக்குள் விழ எதுவும் இல்லை. அதனால் உள்ளே 70 சதவீத ஸ்பிரிட் தெளித்துத் துடைத்து, பொருள்களையெல்லாம் வைத்து, கால் மணி நேரம் கழித்துக் கையை விடுங்கள். ஃபேன், ஏ.சி. எதுவும் ஓடக் கூடாது. வியர்க்கும், வேறு வழியில்லை.

காயை முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய டூத்பிரஷ் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவை வெட்டி எறியுங்கள், அழுக்கு ஒளிந்திருப்பது அங்கேதான். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, 15 முதல் 20 நிமிடம் முக்கி வையுங்கள். பிறகு பெட்டிக்குள், கிருமி நீக்கிய கத்தியால் இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, கத்தி நுனியில் கொஞ்சம் விதை எடுத்துப் பாட்டிலுக்குள் தட்டுங்கள். பாட்டில் திறந்திருக்கும் நேரம் சில நொடிகள்தான் இருக்க வேண்டும். மிளகளவு விதையே ஒரு பாட்டிலுக்கு அதிகம். நெருக்கமாக விழுந்தவை ஒன்றையொன்று நெருக்கி எதுவும் வளராது.

ஆய்வகங்களில் காயை ஸ்பிரிட்டில் முக்கித் தீயில் காட்டுவார்கள். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஸ்பிரிட் தெளித்த கையோடு, தீ வைக்கவே வைக்காதீர்கள். பிளீச்சை ஸ்பிரிட்டோடோ டாய்லெட் ஆசிட்டோடோ கலக்கவும் கூடாது, நச்சு வாயு வரும்.

காய் வெடித்துவிட்டது. இனி என்ன செய்வது?

காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு ஒரு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. விதைக்கும்போது, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் விதை மிதந்துகொண்டே இருக்கும், நனையாது. பத்து நிமிடம் குலுக்கி, குக்கரில் வேகவைத்து ஆறிய தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, பாட்டிலில் ஊற்றலாம். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் முதலில் விதையைப் பாருங்கள். கண்ணாடிப் பை போன்ற உறையின் நடுவில் பருத்த முட்டை வடிவம் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் உறையாகவே தெரிந்தால் அத்தனை மெனக்கெடலும் வீண், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விதைத்த பிறகு என்ன நடக்கும்? எத்தனை நாளில் முளைக்கும்?

முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியாது. பிறகு விதை உப்பும், மெல்லப் பச்சை ஏறும், உறை கிழியும். வெளியே வருவது வேரும் இல்லை, இலையும் இல்லை. குண்டூசித் தலையளவு பச்சை உருண்டை, அதன் அடியில் வெள்ளை ரோமங்கள். இதற்குப் பெயர் புரோட்டோகார்ம். அதன் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்து, அங்கிருந்து முதல் இலை கூராக எட்டிப் பார்க்கும். வேர் கடைசியில்தான். டென்ட்ரோபியத்தில் இலை தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கேட்லியா, வாண்டா இன்னும் மெதுவாக வரும்.

25 டிகிரியை ஒட்டிய அறை, ஒரு சாதாரண டியூப்லைட், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் போதும். ஜன்னலோரம் வேண்டாம். மூடிய பாட்டில் மேல் நேர் வெயில் அரை மணி நேரம் பட்டாலே உள்ளே இருப்பது வெந்துவிடும். அக்னி நட்சத்திர நாள்களில் வீட்டில் எந்த அறை குளுமையோ, அங்கே தரையில் வையுங்கள்.

பாட்டிலில் பூஞ்சாணம் வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் தூக்கிப் போடும் முன் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள், அது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். விதைகளைச் சுற்றி மட்டும் வெள்ளை இழை படர்ந்தால் காயோ விதையோ சரியாகச் சுத்தமாகவில்லை. விதை இல்லாத இடத்தில் ஒற்றை வட்டமாகப் பச்சையோ கறுப்போ வந்தால் விதைக்கும்போது காற்றிலிருந்து விழுந்தது. பாட்டில் சுவரை ஒட்டி, மூடியிலிருந்து இறங்கி வந்தால் மூடியில் கசிவு. அகருக்கு உள்ளேயே மேகம்போலக் கலங்கினால் குக்கரில் வேகவே இல்லை. பாலாடை மாதிரி மினுமினுப்பாகப் படர்வது பாக்டீரியா அல்லது ஈஸ்ட். பல வாரம் நன்றாக இருந்த பாட்டில்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டால் மைட் எனும் நுண்பூச்சியைச் சந்தேகியுங்கள். மூடியிடுக்கில் நுழைந்து பூஞ்சாண வித்துகளைப் பாட்டிலுக்குப் பாட்டில் அது சுமந்துபோகும். மூடியைச் சுற்றி கிளிங் ஃபிலிம் சுற்றுவது அதற்காகத்தான்.

கெட்ட பாட்டிலை அறைக்குள் திறக்காதீர்கள். அப்படியே குக்கரில் ஏற்றி வேகவைத்த பிறகு திறந்து கழுவுங்கள்.

வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டுமா?

கட்டாயம். மூன்று நான்கு மாதத்தில் இடம் நெருக்கமாகும், சத்தும் தீரும். நன்றாக வளர்ந்தவற்றை மட்டும் எடுத்து, பாட்டிலுக்கு 15, 20 என்று இடைவெளி விட்டு, வாழைப்பழ ஊடகத்தில் நடுங்கள். சவலையாக இருப்பவற்றை விட்டுவிட மனம் வராது. ஆனால் விட்டுவிடுங்கள்.

பாட்டிலிலிருந்து தொட்டிக்கு எப்போது?

இரண்டு மூன்று வேரும் விரல் நீள இலையும் வந்தபின். டென்ட்ரோபியத்துக்கு விதைத்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம். சித்திரை, வைகாசியில் வேண்டாம், ஐப்பசி அடைமழையிலும் வேண்டாம். கோவைப் பக்கம் ஆடிக்குப் பிறகு, சென்னையில் தை மாதம் ஒத்துவரும்.

வெதுவெதுப்பான நீரில் அகரை முழுதாகக் கழுவுங்கள். வேரிடுக்கில் துளி மிஞ்சினாலும் அந்தச் சர்க்கரையில் அழுகல் தொடங்கும். கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிக் கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் நனைத்து, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த ஒரே தொட்டியில் கூட்டமாக நடலாம். மட்டைத் துண்டை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பும் கறையும் போன பிறகு பயன்படுத்துங்கள். பாட்டிலுக்குள் இருந்த நாற்றின் இலைக்கு வறண்ட காற்று பழக்கமில்லை. மேலே பாலித்தீன் கவர் மாட்டி, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

பூக்க எத்தனை வருடம்? தாய்ச்செடி போலவே பூக்குமா?

டென்ட்ரோபியம் தொட்டிக்கு வந்தபின் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கலாம். கேட்லியா, வாண்டா விதைத்ததிலிருந்து நான்கு முதல் ஏழு வருடம் வரை. தாய் போலவே இருக்காது, ஒவ்வொரு நாற்றும் தனி. ஒரே மாதிரி ஆயிரம் செடி வேண்டுமென்றால் அதற்கு நுனித்திசு வளர்ப்பு என்ற வேறு வழி இருக்கிறது. பிரான்ஸில் ஜார்ஜ் மொரேல் 1960இல் சிம்பிடியத்தில் காட்டிய வழி அது. கடையில் ஒன்றுபோல அடுக்கியிருக்கும் பாலனாப்சிஸ்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் பெருக்கியவையே. புதிய பூ வேண்டுமென்றால் விதைதான் வழி. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்டம் 1920களின் கடைசியில் நட்சனின் பாட்டில் முறையைக் கொண்டுவந்தது அதற்காகவே. அங்கே பிறந்த முதல் கலப்பினமான ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ் 1931இல் பூத்தது.

மலைக்குப் போனபோது காட்டு ஆர்க்கிட்டில் காய் பார்த்தேன். பறிக்கலாமா?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். அகத்தியமலைப் பக்கம் மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியை இயற்கையில் ஏறக்குறைய அழிய வைத்ததே சேகரிப்பவர்களின் ஆசைதான். காட்டு இனங்களைப் பார்க்க ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

என் கலப்பினத்துக்கு நானே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆர்க்கிட் கலப்பினப் பெயர்களை உலக அளவில் பதிவு செய்வது லண்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி. செடி பூத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், அதே கலப்பை வேறு யாரும் முன்பே பதிந்திருக்கக் கூடாது. எது தாய், எது தந்தை என்று இரண்டின் சரியான பெயரும் கேட்பார்கள். லேபிள் இல்லாமல் சந்தையில் வாங்கிய செடியைப் பெற்றோராக வைத்தால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவாகாது.